கதவில் ஒட்டிய ஆங்கிலச் சொல்

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

மேடம் குடும்பத்தோடு ஒரு மாதம் வெளிநாடு போறா. மூடவேண்டிய அறைக் கதவுகளில் ‘ட்ரேப்ட்’ என்று எழுதி ஒட்டுகிறா. நம் மகள் அப்னா தந்த அகராதியில் பார்த்தேன்: துணி தொங்கத் தொங்கப் போர்த்திய. கதிரைக்கும் சொல்லலாம், ஜனாஸாப் பெட்டிக்கும் சொல்லலாமாம். கட்டில், கண்ணாடி எல்லாம் வெள்ளைத் துணியால் போர்த்தினேன். மருதமுனையில் நாம் மையித்துச் சுமக்கிற சந்தூக்குக்குத்தானே இப்படிப் போர்த்துவோம்!

“என்ர பாஸ்போட், மேடம்?”

“நீ வீட்டுக்குள்ளதானே இருக்கப் போறாய். உனக்கெதுக்கு?” என்று சிரித்தா.

இன்று என் அறைக் கதவிலும் அந்தத் தாள். நான் எங்கே படுப்பதென்று சொல்லவில்லை.

பயப்படாதீர்கள். உங்களிடம் இருக்கிற என் பாஸ்போட் கொப்பியை மட்டும், என்னை இங்கே வேலைக்கு அனுப்பிய ஏஜன்சிக்காரரிடம் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கொடுங்கள். வெளிக்கதவுக்குப் புதுப் பூட்டுப் போட ஆள் வந்திருக்கிறான், தேத்தண்ணி கொடுக்கவேணும்.

உங்கள் றபீக்கா