கடைசிப் படத்தில் நீங்கள் இல்லை

கரைத்தீவு,
புத்தளம்.

அன்பு மச்சானுக்கு,

அல்லாஹ்வின் சாந்தியும் காவலும் உங்களைச் சூழட்டும். நீங்கள் போய்ச் சண்டை பிடித்த அந்த ரெஸ்லிங் முடிந்ததில் இருந்து உங்கள் போன் வேலை செய்யவில்லை. நாளைக்கு நீங்கள் போன நாட்டுக்கே வேலைக்குப் போகிற முஹ்ஸினிடம் இதைக் கொடுக்கிறேன். நீங்கள் தங்கின இடத்தில் விசாரித்து, உங்கள் கையிலேயே தரவேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு நாட்டு நட்புறவு விழாவில் நடக்கிற ரெஸ்லிங் என்றபடியால், அதைப் பார்க்க அன்று வீடு நிறையச் சனம். உப்பளத்தில் உங்களோடு மூட்டை தூக்கினவர்கள் எல்லாரும் றஸ்மியின் போனைச் சுற்றி இருந்தார்கள். அந்த நாட்டுக்காரன் உங்களைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டான். நீங்கள் அசையவில்லை. உப்பளத்தில் வேலைக்குக் கள்ளமடித்துப் படுத்த நஜாத் அங்கே போய்ச் சம்பளத்துக்குப் படுக்கிறான் என்றார் றவூப் நானா. எல்லாரும் சிரித்தார்கள். விழுகிறதெல்லாம் முன்பே பேசிவைத்த நடிப்பு, பயப்படாதே என்று நீங்கள்தானே சொல்லிவிட்டுப் போனீர்கள். அதையே மாமிக்கும் சொன்னேன். சேர்ந்து கைதட்டினோம்.

கடைசியில் வென்றவர், தோற்றவர் எல்லாரும் இரண்டு நாட்டுக் கொடியையும் பிடித்துக்கொண்டு, பெரிய ஆட்களோடு வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்து போனவர்கூடச் சிரித்துக்கொண்டு வந்து நின்றார். நீங்கள் வரவில்லை.

உங்களை ரெஸ்லிங்குக்குக் கூட்டிக்கொண்டு போன கொழும்புக்காரருக்குப் போன் எடுத்தேன். சின்னச் சுளுக்காம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். "நீங்க படிச்ச ஆள், தங்கச்சி. இது ரெண்டு நாட்டு விஷயம். பேஸ்புக்ல ஒண்டும் போட்டுடாதீங்க" என்றார். சுளுக்குக்கு யாராவது அப்படிச் சொல்வார்களா, மச்சான்?

மாமிக்கு இன்னும் தெரியாது. நீங்கள் வந்ததும் மௌலூது ஓதிச் சோறு கொடுக்க ஆடு பார்த்து வைத்திருக்கிறா. ஜுமானா பாயில் பொத்தென்று விழுந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். வாப்பா விளையாட்டாம். எழும்பு மகள் என்றால், வாப்பா எழும்பட்டும், பிறகு எழும்புகிறேன் என்கிறாள். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி குசினிக்குள் போய்விடுகிறேன்.

ஏலுமானால் ஒரு வரி எழுதி முஹ்ஸினிடம் கொடுங்கள். கை வராவிட்டால் சொல்லுங்கள், அவர் எழுதுவார். பேசவும் ஏலாது என்றால், கண்ணால் கண்டதை மறைக்காமல் எனக்குச் சொல்லட்டும். நடக்க ஏலாத ஆளாக வந்தாலும் பரவாயில்லை, தூக்கி இருத்த நான் இருக்கிறேன். உங்களை மூச்சோடு இந்த வாசலில் இறக்கிவிடும்படி படைத்த றப்பிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள்
ஃபஸ்னா