எதிர் வீட்டுக்கு முதல் நாள் சாப்பாடு

முதலில் ஒரு திருத்தம். நான் இன்னமும் உங்களுக்கு ஒரு தட்டு வைத்துப் பரிமாறிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன் என்று நம் மகள் கீதாவின் சிநேகிதிகள் நடுவே ஒரு பேச்சு ஓடுகிறது. "பாவம், கர்னல் ஆன்ட்டிக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்று அவளிடமே ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அது உண்மையில்லை. நான் ஒரு தட்டுதான் வைக்கிறேன். மேசையில் இரண்டு விரிப்புகள் இருக்கின்றன, ஏனென்றால் அவை ஜோடியாக வாங்கியவை. ஒன்றை மட்டும் எடுத்து அலமாரிக்குள் ஒளித்துவைக்க எனக்குத் தோன்றவில்லை. தனியாக இருக்கிறவள் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்து, மடியில் நாப்கின் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். கான்வென்டில் கற்றது, உங்கள் ஆர்மி மெஸ்ஸில் பழகியது. அதைப் பைத்தியம் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இன்று காலை நம் கட்டடத்தின் கீழே ஒரு லாரி வந்து நின்றது. கதவைத் திறந்ததும், வெயிலில் காய்ந்த அட்டைப்பெட்டியின் வாசனையும் ஒட்டு டேப்பின் வாசனையும் பால்கனி வரை ஏறி வந்தன. எத்தனை ஊர்களில் நாம் முகர்ந்த வாசனை! எதிர் வீட்டுக்கு யாரோ குடிவருகிறார்கள். "அதை மெதுவா வைங்க, கண்ணாடி இருக்கு" என்று ஒரு பெண் தமிழில் கத்துவதும் கேட்டது. யோசிக்காமலேயே அரிசியைக் களைந்து வைத்துவிட்டு மேல் தட்டிலிருந்து பெரிய ஹாட்பாக்ஸை இறக்கினேன். இறக்கிய பிறகுதான் உறைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் நீங்கள். மணி அடிப்பது மட்டும்தான் என் வேலை.

அதுவும் இன்றைக்கு. நாளை திங்கட்கிழமை, இந்த ஃப்ளாட்டை வைத்துக்கொள்கிறேனா, காலி செய்துவிட்டுக் கீதா வீட்டுக்குப் போகிறேனா என்று வாடகை ஆஃபீஸில் சொல்லியாக வேண்டும்.

கன்டோன்மென்டில் இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. மாற்றலாகி வரும் குடும்பத்துக்கு முதல் நாள் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடும். பதான்கோட்டிலும் அப்படித்தான், ஜபல்பூரிலும் அப்படித்தான். பெட்டிகள் பிரிக்காமல் கிடக்கும். முதுகில் எண் எழுதிய அரசாங்க நாற்காலிகளில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருத்தி சமைத்த பருப்பை நாம் சாப்பிடுவோம். அந்த வாரமே நீங்கள் கோட்டும் டையும், நான் பட்டுப்புடவையும் முத்துமாலையுமாக வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொள்வோம். அதற்குப் பிறகு அது நம் ஊர்.

அமெரிக்காவில் இந்த சுகர் லேண்டுக்கும் நாம் அப்படித்தான் வந்தோம். மகள் பெரிய வீடு வைத்திருந்தும் நீங்கள் கேட்கவில்லை. சிப்பாய்கள் என்னைக் கூப்பிடும் 'மேம்சாப்' என்ற பெயரைத்தான் நீங்களும் கடைசி வரை கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "பொண்ணு வீட்ல கெஸ்ட்டா இருக்கலாம் மேம்சாப். குடியிருக்க நமக்குன்னு ஒரு குவார்ட்டர்ஸ் வேணும்" என்றீர்கள். கீதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இந்த ஃப்ளாட்டைப் பார்த்துக் கொடுத்தாள்.

குடிவந்த அன்று நான் சமைக்கவில்லை. சோம்பல் இல்லை, காத்திருந்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டேன். நீங்கள் மாலையில் இரண்டாம் தடவை ஷேவ் செய்துகொண்டீர்கள். கீழே கார்கள் வந்து நின்றன, கதவுகள் திறந்து மூடின, ஒவ்வொரு காலடிக்கும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. விளக்குப் போடும் நேரத்துக்கு நீங்கள் எழுந்து போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து நடுவில் வைத்தீர்கள். "ஸ்டேஷன்ல ஆள் பத்தாது போலிருக்கு" என்றீர்கள். இந்த நாட்டில் நான் முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

ஆனால் நீங்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை, ஸ்பீக்கர் வைத்த வாசல் மணிதான் பேசியது. "நாங்கள் எதுவும் வாங்குவதில்லை, நன்றி" என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். நீங்கள் குனிந்து, ஒரு பிரிகேடியரிடம் பேசுகிற மரியாதையோடு அந்த மணியிடம், "மேடம், நாங்கள் எதுவும் விற்பதில்லை" என்றீர்கள். பயனில்லை. எதிர் வீட்டில்தான் ஃபாத்திமா இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். கீழக்கரைப் பெண். உங்கள் கோட்டையும் என் பட்டுப்புடவையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி. யாருக்குக் கல்யாணம்? பத்திரிகை எங்க?"

"கல்யாணம் முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சும்மா. நாங்கதான் அந்த ஜோடி."

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதுவிட்டது. அன்றிலிருந்து அவள் வீட்டுக் கதவு நமக்கு மூடியதில்லை.

அப்புறம் இதுவும் ஒரு போஸ்டிங் ஆனது. வாடகை ஆஃபீஸுக்கு ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸ் என்று பெயர் வைத்தீர்கள். குழாய் ரிப்பேருக்கு வருகிற பையனை, நம் குவார்ட்டர்ஸுக்கு வரும் ராணுவ ரிப்பேர் ஆட்களின் நினைவில், 'எம்.இ.எஸ்.' என்றீர்கள், அவனும் அதைத் தன் பட்டப்பெயராக எடுத்துக்கொண்டான். மாலையில் குளத்தைச் சுற்றி நடக்கும்போது எதிரே வருகிற எல்லாருக்கும், காதில் எதையோ மாட்டிக்கொண்டு வருகிறவனுக்கும்கூட, 'குட் ஈவினிங்' சொன்னீர்கள். மளிகைக் கடையில் பணம் வாங்கும் பெண் உங்கள் ரெஜிமென்ட் டையைப் பார்த்து, ராணுவத்தில் இருந்தீர்களா என்று கேட்டாள். "இருந்தேன். ஆனால் உங்கள் ராணுவம் இல்லை" என்றீர்கள். அதனால் என்ன, உங்கள் சேவைக்கு நன்றி என்று அவள் சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்துவைத்தாள். காரில் ஏறி வெகுநேரம் நீங்கள் சாவியைத் திருகவில்லை. "நம்ம ஊர்ல யாரும் இப்படிச் சொன்னதில்ல, இல்ல?" என்றீர்கள். நான் சொல்லியிருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

யார் புதிதாகக் குடிவந்தாலும் முதல் நாள் சாப்பாடு நம் வீட்டிலிருந்துதான் என்று நீங்கள் நிலையான உத்தரவு போட்டீர்கள். மேல்மாடி டெக்ஸஸ் கிழவர் ஹாட்பாக்ஸைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, எந்த சர்ச்சிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். "இன்ஃபன்ட்ரி" என்றீர்கள். அவர் எலுமிச்சைச் சாதத்தை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, அடுத்து எப்போது புது ஆள் வருவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் போன பிறகு அந்த ஹாட்பாக்ஸ் இறங்கவே இல்லை. வசந்தத்தில் ஃபாத்திமாவும் கேட்டி என்கிற ஊரில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கார் ஓட்டாத எனக்கு கேட்டியும் ஒன்றுதான், கீழக்கரையும் ஒன்றுதான். சில நாள் காலையிலிருந்து மாலை வரை நான் வாயே திறப்பதில்லை. மாலையில் கீதா போன் செய்யும்போது குரல் கரகரவென்று வரும். "அம்மா, சளியா?" என்பாள். ஆமாம் என்பேன்.

போன ஞாயிறு அவள் நேரில் வந்தாள்.

"கீழ் ரூம் உனக்குன்னே ரெடி பண்ணியாச்சு. பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பிகூடப் போட்டாச்சு. இன்னும் என்னம்மா?"

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"யாரைக் கேக்கணும்? என் வீடு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவள் கைப்பையை மூடித் திறந்து மூடினாள். "நீ இங்க தனியா உக்காந்து யாருக்கு என்ன ப்ரூவ் பண்றே? அப்பா இருந்தார், சரி. இப்ப?"

அவள் இறங்கிப் போன பிறகு பால்கனியிலிருந்து பார்த்தேன். காரில் ஏறி, ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு இருந்தாள். நல்ல பெண். உங்கள் பிடிவாதத்தில் பாதி, என் பிடிவாதத்தில் பாதி.

இன்று மத்தியானம் எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம். முத்துமாலை போட்டுக்கொண்டேன். ஹாட்பாக்ஸைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் மணி அடிக்க முடியவில்லை. தரையில் வைத்துவிட்டு அடித்தேன். மணி ஆங்கிலத்தில் பேசியது: "நாங்கள் சாப்பாடு ஆர்டர் பண்ணவில்லையே. வேறு வீடாக இருக்கும்." கர்னலின் மனைவியை டெலிவரிக்காரி ஆக்கிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பீர்கள்.

"டெலிவரி இல்லையம்மா. எதிர் வீடு" என்றேன் தமிழில்.

கதவு படாரென்று திறந்தது. கையெல்லாம் தூசியோடு சின்னப் பெண். "அய்யோ சாரி ஆன்ட்டி! உள்ள வாங்க. உக்காரச் சேர்கூட இல்ல." உள்ளே அவள் புருஷன் கட்டிலின் கால்களோடு தரையில் போராடிக்கொண்டிருந்தான். கரூர்க்காரர்கள், நியூஜெர்சியிலிருந்து வேலை மாறி வந்திருக்கிறார்கள். நான் நின்றபடியே சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முதல் நாள் சாப்பாடு எதிர் வீட்டிலிருந்துதான் வரும், அது வழக்கம். பாத்திரத்தைக் கழுவித் தந்தால் போதும், உள்ளே எதுவும் போட்டுத் தர வேண்டாம்.

"இவ்ளோ இருக்கே ஆன்ட்டி! அங்கிளையும் கூப்பிடுங்க, சேர்ந்தே சாப்பிடலாம்" என்றாள்.

இத்தனை மாதத்தில் நான் அதை யாரிடமும் சொல்ல வேண்டி வந்ததில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கேட்டதில்லை. கீதாதான் எல்லாருக்கும் சொன்னாள். "அவர் இறந்துவிட்டார் அம்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவள் ஹாட்பாக்ஸை ஒரு அட்டைப்பெட்டி மேல் வைத்தாள். சாரி என்று சொல்லவில்லை. "அப்ப நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டிருக்கவில்லை. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து காகிதத் தட்டில் சாப்பிட்டோம். வறுவலில் உப்பு கம்மி என்று அந்தப் பையன் உண்மையைச் சொன்னான். நான் திரும்ப எழுந்திருக்க அவன் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாம் குடியிருந்த எந்த வீட்டையும் நாமாக விட்டு வந்ததில்லை. உத்தரவு வரும், பெட்டி கட்டுவோம். பிடிக்காத ஊரில் இருந்தோம், விட மனமில்லாத ஊரை விட்டும் வந்தோம். இருப்பதா போவதா என்று தீர்மானிக்கிற பழக்கமே நமக்கு இல்லை. இப்போது உத்தரவு போட யாரும் இல்லை.

நாளை இன்னும் ஒரு வருடம் என்று சொல்லப்போகிறேன். இந்தப் பிள்ளைகளை நம்பி இல்லை. நாளை அவர்கள் வேலைக்குப் போவார்கள், மாலையில் என் குரல் மறுபடி கரகரக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் கீதாவின் வீட்டுக்குப் புதிதாக வருகிறவள் நான் ஒருத்திதான். இங்கே வாசலில் வண்டி வந்து நின்றால் என் கை தானாக அரிசி களைகிறது. நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் இன்னும் வேலை செய்வது அது ஒன்றுதான்.

கீதா இதைப் பிடிவாதம் என்பாள். பிடிவாதமா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை. பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். எல்லையிலிருந்து எழுதுவீர்களே, அதுபோல நாலு வரி போதும். பதில் எழுதுங்கள்.