ஊசி அறை வாசலில் காத்திருந்த அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

உங்கள் பேத்தி ரீனா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் தமிழ், வாசலில் இறங்கினால் கன்னடம், உங்களைப் போலவே. ஆனால் இன்று நான் சொல்ல வந்த சேதி வேறு. போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் பழையதையெல்லாம் ஒருமுறை உங்களிடமே சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

அம்மா இல்லாத வீட்டில் மகளுக்குப் பிரசவம் பார்த்தவர் நீங்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர் பூண்டு உரித்து, பத்தியக் குழம்பு வைத்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்டுக் கேட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. அவள் அழுதால் யார் வீட்டுப் பிள்ளையோ அழுவது போலிருக்கும். பால் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "பாப்பாவ நீங்களே வச்சுக்குங்கப்பா. நான் எங்கயாவது போயிடறேன்" என்றேன்.

நீங்கள் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "எங்கம்மா போவ?" என்று மட்டும் கேட்டீர்கள். அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்கள்.

"பிள்ளை பெத்தவங்களுக்கு வர்ற மனச்சோர்வு இது. நிறைய பேருக்கு வருது, உன் தப்பு இல்ல" என்றார் மனநல டாக்டரம்மா. கவுன்சலிங் வேண்டும், தாய்ப்பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன என்றார். மாத்திரை என்றதும் நான் அழுதேன். பாலில் கலந்துவிடுமோ என்ற பயம். அப்போது அவர், கவுன்சலிங்கோடு அக்குபங்சரும் பார்க்கலாம், சிலருக்குத் தூக்கமும் படபடப்பும் சரியாகிறது என்றார். "ஆனா அது மட்டும் போதும்னு நெனைக்காதீங்க. கொறையலைன்னா மாத்திரை போட்டாகணும். உங்க பொண்ணைத் தனியா விடாதீங்க." நீங்கள் தலையாட்டினீர்கள்.

அத்திபெலேயிலிருந்து என் மாமியார் போன் செய்தார். "ஊசி குத்தினா மனசு சரியாயிடுமா? எல்லாரும் புள்ள பெக்கலியா?" ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "சம்பந்தியம்மா, சரியாகுமான்னு எனக்கும் தெரியாது. என் பொண்ணு தூங்கி ரொம்ப நாளாச்சு. அது தெரியும்" என்றீர்கள். குரல் உயரவே இல்லை.

மல்லேஸ்வரத்தில் மாடியில் இருந்தது அந்த அக்குபங்சர் கிளினிக். "நோவு இரல்லம்மா" என்று, வலிக்காது என்பதைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே ஊசி வைக்கும் அம்மா, முடி போல மெல்லிய ஊசிகளை மணிக்கட்டிலும் காலிலும் உச்சந்தலையிலும் வைத்தார். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, பிறகு ஒன்றுமில்லை. என்னையறியாமல் தூங்கிவிட்டேன். விழித்தபோது வெளியே உங்கள் குரல். மூட்டு வலிக்கு வந்திருந்த ஒரு பெண்மணி, "வைத்தியம் யாருக்கு சார், உங்களுக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"என் பொண்ணுக்கும்மா. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு. வைத்தியம் பாக்கறோம்."

டைபாய்டு என்று சொல்வது போலச் சொன்னீர்கள். அங்கிருந்த அத்தனை பேர் முன்னாலும், தோளில் குழந்தையோடு. உள்ளே எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது அப்பா.

உடனே குணமாகவில்லை. தூக்கம் திரும்பியது, பசி எடுத்தது. நடுவில் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையும் எடுத்தேன், ஊசியையும் விடவில்லை. ஒரு காலையில் ரீனா என் மடியில் கிடந்து பெரிதாகக் கொட்டாவி விட்டாள். எனக்கும் கொட்டாவி வந்தது. அவள் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தாள். நான் சிரித்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். அழுதீர்களா அப்பா? நீங்கள் கண்மூடும் வரை நான் கேட்கவே இல்லை.

எது என்னைத் தேற்றியது? ஊசியா, கவுன்சலிங்கா, மாத்திரையா, நீங்கள் வைத்த பூண்டுக் குழம்பா? பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கதை. சர்ச் ஹாலில் பெண்கள் கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் நின்று வியாதியின் பெயரைச் சொன்னேன். எடுத்துக்கொண்ட வைத்தியம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை மட்டும் நம்பி டாக்டரை விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னேன். உங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் உடைந்தது.

முன்வரிசையில் உங்கள் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். நான் முடித்ததும் எழுந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மைக்கைக் கையில் வாங்கிக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இவ புருஷன், எம் மகன் பிரபு பொறந்தப்ப எனக்கும் இதேதான். கெணத்தடியில போய் உக்காந்திருப்பேன். என்னன்னு யாரும் கேக்கல. நானும் இவளக் கேக்கல. இவங்கப்பா கேட்டாரு."

நான் கீழே இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தே, இப்பவும் தூக்கம் வரலியா?" என்று கேட்டேன். வரவில்லை என்று தலையசைத்தார். இத்தனை வருஷமாக அவர் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன், இதைக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

வரும் சனிக்கிழமை அவரை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போகிறேன். வருகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். என்ன வைத்தியம் என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். எத்தனை தடவை போக வேண்டியிருந்தாலும் அவரைத் தனியாக அனுப்பமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் மகள்,
ரீனாவின் அம்மா,
ஸ்டெல்லா