அறுபது மடங்கு

டோர்செட் பார்க், ஸ்காபரோ
10.11.1996

அன்பு மகள் வேரோனிக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாயிருக்கச் செபிக்கிறேன். உன்னை மட்டும்தான் சொல்கிறேன். கிங்ஸ்டனில் இப்போதே பனி கொட்டுதாம். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஒரு விஷயம். நானும் கோயில் பாட்டுக்குழுச் சீமோனும் சனிக்கிழமைகளில் அவருடைய காரில் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவை பார்ப்பது உனக்குத் தெரியும். குளிர் தொடங்க, வடக்கிலிருந்து வாத்துகள் வந்து இறங்குகின்றன. எல்லாம் நடுத் தண்ணீரில். என்னுடைய பைனாகுலரில் மிளகு தூவினமாதிரிக் கிடக்கிறது. சீமோன் ஒரு பெயர் சொல்வார், நான் வேறொரு பெயர் சொல்வேன், இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு ஸ்பொட்டிங் ஸ்கோப் வாங்க யோசிக்கிறேன். மூன்று காலில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற சாமான். உன்னோடு இருக்கிறவர் கமராக் கடையில் அதுகளும் விற்கிறாராம் என்று அம்மா சொன்னா. எது நல்லதென்று கேட்டு எழுது. நான் கேட்டதென்று சொல்லத் தேவையில்லை.

அப்பா
கிறிஸ்துநாயகம்


கிங்ஸ்டன்
20.11.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

என்னோடு இருக்கிறவருக்குப் பெயர் இருக்கிறது. சிவநேசன். அவர் என் புருஷன். பதிவுக் கலியாணம் முடிந்து ஒன்றரை வருஷமாகிறது. அவர் சைவ சமயக்காரர், கலியாணம் எங்கள் வேதக் கோயிலில் நடக்கவில்லை என்பதற்காக நீங்கள் இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? போனை அவர் எடுத்தால் டக்கென்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதென்று சொல்லிவிட்டேன். மனுஷன் சோற்றை ஆறவிட்டுவிட்டு ஸ்கோப்பைப் பற்றியே கதைத்தார். அவருக்குச் சில விஷயம் தெரியவேண்டுமாம். நீங்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டபடியா பார்ப்பீர்கள், கழற்றிவிட்டா? எவ்வளவு உயரம்? நின்று பார்ப்பீர்களா, காருக்குள் இருந்தா? ஆளுக்கு ஆள் சாமான் மாறுமாம். எழுதுங்கள்.

உங்கள் மகள்
வேரோனிக்கா


டோர்செட் பார்க்
2.12.1996

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. என்னுடைய உயரம் அவருக்கு ஏன்? சவப்பெட்டி அடிக்கப்போறாரோ?

நான் கேட்டது ஒரு சாமானின் பெயர். கடைக்காரர் என்றால் இது நல்லது, இது கூடாது என்று சொல்லவேண்டும். அதை விட்டுவிட்டு என்னை விசாரணை செய்ய அவர் என்ன இமிகிரேஷனோ? சீமோன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அண்ணை, அறுபது மடங்கு பெருப்பிக்கிறது வந்திருக்கு, உந்தச் சாமானை எடுங்கோ, முப்பதை விட அறுபது பெரிசெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும்" என்றார். அது கதை.

யேசு பாலன் பிறந்த நத்தாருக்கு நீ வரலாம். அம்மா பலகாரம் சுடுவா.

அப்பா


கிங்ஸ்டன்
11.12.1996

அப்பா,

நத்தாருக்கு 'நீ' வரமாட்டேன். 'நீங்கள் இரண்டு பேரும்' என்று எழுதினால் வருவேன்.

அந்த அறுபதை மட்டும் வாங்கவேண்டாமாம். அவ்வளவுக்குக் கூட்டினால் வெளிச்சம் குறையுமாம், ஏரிக் காற்றில் எல்லாம் நடுங்குமாம், மூக்குக்கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சந்தான் தெரியுமாம். இதை இரண்டு தரம் எழுதச் சொன்னார். அறுபதை வாங்கவேண்டாமாம்.

வேரோனிக்கா


டோர்செட் பார்க்
14.1.1997

அன்பு மகளுக்கு,

அறுபது மடங்கு ஸ்கோப் வாங்கிவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று ஒருவர் இவ்வளவு சொன்னால் அதில் ஏதோ இருக்கவேண்டும் என்று யோசித்தேன்.

சாமான் அருமை. நல்ல பாரம். போன சனிக்கிழமை கொண்டுபோனோம். சீமோனுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். அவருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு. நான் அவரைக் கண் டொக்டரிடம் போகச் சொன்னேன்.

வேறு விசேஷமில்லை. நீ வராததால் பலகாரம் மிஞ்சிவிட்டது. அம்மா அழுதா.

அப்பா


கிங்ஸ்டன்
8.2.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா எல்லாம் சொல்லிவிட்டா. அதை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்தீர்களாம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் நடுவில் சதக்காசளவு வெளிச்சம், சுற்றிவர இருட்டு. கழற்றினால் வாத்து எந்தப் பக்கமென்றே தெரியவில்லை. கடைக்காரனும் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டான். இதற்காக அம்மாவோடு சண்டை பிடிக்கவேண்டாம், பாவம்.

நான் சிரிக்கவில்லை. இவரும் சிரிக்கவில்லை. உங்களுடைய ஸ்கோப் என்ன வகையென்று அம்மாவைப் பெட்டியைப் பார்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முழுவதையும் எறியத் தேவையில்லையாம். கண் வைக்கிற பகுதியை மட்டும் கழற்றி வேறொன்று பூட்டலாமாம். முப்பது மடங்குதான், ஆனால் கண்ணாடி போட்டபடியே வட்டம் முழுக்கத் தெரியுமாம். கடையில் அது இல்லாமல் மொன்றியலில் இருந்து எடுப்பித்தார். இத்தோடு பார்சலில் வருகிறது. வாங்கிக்கொள்ளுங்கள் அப்பா. தயவுசெய்து.

வேரோனிக்கா


டோர்செட் பார்க்
20.2.1997

மகளுக்கு,

பார்சலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் ஆரிடமும் கை நீட்டவில்லை.

தவக்காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் நீ இறைச்சி தவிர்ப்பாய் என்று நம்புகிறேன். அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ தெரியாது.

அப்பா


கிங்ஸ்டன்
7.4.1997

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஆறு கிழமை எடுத்தது. அதற்கு முன் எழுதியிருந்தால் வாயில் வந்ததெல்லாம் எழுதியிருப்பேன்.

பார்சல் வந்த அன்று அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, உடையேல்லை" என்று மட்டும் சொன்னார். பிறகு போய்ச் சேட் அயன் பண்ணத் தொடங்கினார். ஒரே சேட்டைத் திரும்பத் திரும்ப. நான் குளியலறைக்குள் போய் அழுதேன். அப்பா, அவர் உங்களுக்கு என்ன செய்தார்? உங்கள் மகளை விரும்பினார். அவ்வளவுதானே?

அவருக்குக் கல்கரியில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு பேரும் போகிறோம். அங்கே வேலைக்குப் போனவர்கள் வருஷத்துக்கு ஒருக்காத்தான் இந்தப் பக்கம் வருவார்களாம். மே பதினோராந் தேதி ஞாயிற்றுக்கிழமை காரில் ஸ்காபரோவைத் தாண்டித்தான் போகவேண்டும். நீங்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்து நான் கள்ளிமாதிரி அம்மாவை வந்து பார்த்ததெல்லாம் போதும். வந்தால் இரண்டு பேரும் முன்வாசலால் வருவோம். இல்லையென்றால் கார் நிற்காமல் போகும்.

இனி நான் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்க்கமாட்டேன். சொல்ல ஏதும் இருந்தால் அவருக்கே எழுதுங்கள்.

வேரோனிக்கா


டோர்செட் பார்க்
25.4.1997

திரு. சிவநேசன் அவர்களுக்கு,

இதற்கு முன் எழுதிய தாள்களையெல்லாம் கிழித்துப்போட்டேன். உம்மை எப்படி விளிப்பதென்றே தெரியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

எனக்குக் கோபம் ஆறிவிட்டதென்று நினைக்கவேண்டாம். என் ஒரே மகள் பீடத்துக்கு முன்னால் நிற்காமல் ஒரு பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்தது எனக்கு இன்னும் முள்ளுத்தான். உமக்கும் ஒரு பெண்பிள்ளை பிறந்தால் விளங்கும். ஆனால் கல்கரிக்குப் பஸ்ஸில் மூன்று நாள் ஓட்டமாம். சீமோன் வரைபடத்தை விரித்துக் காட்டினார். ஸ்காபரோவில் விரலை வைத்துச் சாண் போட்டுப் பார்த்தேன்.

முன்பு சனிக்கிழமைதான் மகள் வேலைக்குப் போகாமல் எங்களோடு நிற்கிற நாள். கலியாணம் முடிந்து அவள் போன பிறகு அந்த நாளில் வீட்டில் இருக்க ஏலாமல்தான் நான் ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினேன். வாத்தில் ஆசைப்பட்டு இல்லை. பிறகு வாத்தும் பிடித்துவிட்டது, அது வேறு கதை. இது மகளுக்குச் சொல்லாதது. நீர் சொன்னாலும் சொல்லும்.

நீர் சொன்னதைக் கேட்காமல் நான் வாங்கியது பிசகு. அந்தப் பகுதியை இன்னும் விற்காவிட்டால் கொண்டுவாரும். எனக்குப் பூட்டத் தெரியாது. சும்மா வேண்டாம், அதன் விலையை நீர் வாங்கவேண்டும்.

பதினோராந் தேதி பூசை முடிந்து பத்தரைக்கு வந்துவிடுவோம். கார் நிறுத்தக் கட்டடத்துக்குப் பின்னால் இடம் இருக்கிறது. இரண்டு பேரும் வழியில் சாப்பிட்டுவிட்டு வரவேண்டாம்.

சமையலுக்கு ஒன்று தெரியவேண்டியிருக்கிறது. வேரோனிக்காவின் தாய் கிளடிஸுக்குத் தெரியுமாம், ஆனால் சொல்லமாட்டாவாம். "உங்கடை மருமோன்தானே, நீங்களே கேளுங்கோ" என்றுவிட்டு ரீவி பார்க்கிறா. சனிக்கிழமை நான் சந்தைக்குப் போய் இறைச்சியோ மரக்கறியோ எடுக்கமுன் எனக்குப் பதில் கிடைக்கவேண்டும்.

தம்பி, நீர் மச்சம் சாப்பிடுவீரோ?

அ. கிறிஸ்துநாயகம்