அம்மாவிடம் கொடுத்து வைத்த பணம்

ஜனவரி 18, சனி

வேலை கிடைத்துவிட்டது! சென்னையில் கிண்டிப் பக்கம், பெரிய கம்பெனிகளின் பில்களைச் சரிபார்க்கும் ஆபீஸ். கையில் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு வருமாம். ஜூன் பதினாறாம் தேதி சேர வேண்டும். எங்கள் பி.காம். வகுப்பில் எனக்கும் தேஜஸ்ரீக்கும் ஒரே இடம்.

நேற்று கேண்டீனில் உட்கார்ந்து முதல் பட்ஜெட் போட்டேன். வாரத்துக்குச் சாப்பாடு இவ்வளவு, பஸ் இவ்வளவு என்று எழுதி நாலால் பெருக்கினேன். பணம் பிரமாதமாக மிஞ்சியது. தேஜஸ்ரீ எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏன்டி பாரதி, இருபத்தெட்டாந் தேதியோட சாப்பிடறத நிறுத்திக்குவியா?"

என் தப்பில்லை. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய ஆளே கிடையாது. அப்பா கட்டிங் மாஸ்டர், அம்மா ஓவர்லாக் டெய்லர். ரெண்டு பேருக்கும் சனிக்கிழமைதான் சம்பளம். சனி ராத்திரி மளிகைக் கடை பாக்கி தீரும், ஞாயிறு கறி எடுப்போம், புதன்கிழமை மறுபடி கடைக்காரரிடம் எழுதி வைக்கச் சொல்வோம். நானும் காலேஜின் இந்தக் கடைசி வருடம் முழுக்க சனி, ஞாயிறு நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் போகிறேன். டீ-சர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. அதற்கும் சனிக்கிழமை சம்பளக் கவர்தான்; அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

விஷயம் என்னவென்றால், ஜூன் நடுவில் சேருகிறவர்களுக்கு முதல் சம்பளம் ஜூலைக் கடைசியில்தான் வருமாம். அதுவரை ஹாஸ்டல் அட்வான்ஸ், வாடகை, சாப்பாடு, நாலு நல்ல சுடிதார், எல்லாம் என் கையிலிருந்து. முப்பதாயிரமாவது வேண்டும். பயமில்லை. அம்மாவிடம் கொடுத்து வைத்தது இருக்கிறது. ஜூனுக்குள் அதுவே இருபதைத் தாண்டிவிடும். பரீட்சை முடிந்ததும் முழு வாரமும் செக்கிங் போனால் மீதியைத் தேற்றிவிடலாம்.

அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சொடக்கு விட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

மாதச் சம்பளம் என்பதை அம்மாவுக்குப் புரிய வைக்கப் பார்த்தேன்.

"மாசத்துக்கு ஒருக்காத்தான் குடுப்பானா? நடுவுல கைச்செலவுக்கு?"

"அதுக்குத்தாம்மா பட்ஜெட்."

"நல்ல பட்ஜெட்டு போ. ஹாஸ்டலு வாடகை எவ்வளவு?"

ஏழாயிரம் என்றதும் வாயில் கை வைத்துக்கொண்டாள். சாப்பாட்டோடு சேர்த்துத்தான் என்றேன். என்ன சாப்பாடு, கறி போடுவார்களா, தண்ணீர் நல்ல தண்ணீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் எட்டாயிரம் கட்ட வேண்டும், பணத்தை எடுத்துத் தா என்றேன்.

"மாசி பொறக்கட்டும் கண்ணு, தாரேன்."

பிப்ரவரி 8, சனி

கவரை வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கேட்டேன். அடுத்த வாரம் என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாசி பிறந்தாயிற்று. "இந்த வாரம் ஆகாது சாமி, அடுத்த வாரம்." ஏன் ஆகாது? பீரோவில் இருப்பதை எடுப்பதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டுமா? அப்பாவைப் பார்த்தேன். அவர் ரிமோட்டை எடுத்துச் சேனல் மாற்றினார்.

நானும் தேஜஸ்ரீயும் சேர்ந்து தங்கப் பார்த்து வைத்த இரண்டு பேர் ரூமை மாதக் கடைசி வரைதான் நிறுத்தி வைப்பார்களாம். தேஜஸ்ரீ அவள் பங்கைக் கட்டிவிட்டாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இதை எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இன்று கம்பெனி லீவு. அவிநாசியிலிருந்து தெய்வாத்தாள் அத்தை வந்திருந்தாள், அப்பாவின் அக்கா. நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு துணித் திரை. அது இவர்களுக்கு மறந்துபோய்விட்டது.

"ஏஞ் சாரதா, பையன் சாயப்பட்டறைல சூப்பர்வைசரு. நல்ல புள்ள. இவ ஏதோ மெட்ராசுக்கு வேலைக்குப் போறாளாமா?"

அம்மா சொன்னாள். என் அம்மா. "அதெல்லாஞ் சும்மாங்க அண்ணி. கூடப் படிக்கறதுக போகுதுன்னு இவளும் ஆசைக்குச் சொல்லீட்டிருக்கறா. பரீட்சை முடிஞ்சா சரியாயிருமுங்க. இவ சம்பாரிச்சத நாங்க பைசா தொடலீங்க. அத்தனையும் நகைச்சீட்டுக் கட்டீட்டு வாரேன். சித்திரையில முடியுது. தோடும் ஜிமிக்கியும் எடுத்துப்போடலாம்."

"அப்ப வைகாசியில பொண்ணு பாக்க வரச் சொல்லட்டுமா?"

"வரச் சொல்லுங்க."

நான் காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை போடலியா கண்ணு?" என்றாள். திரும்ப உள்ளே போய்ச் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த நேரத்திலும் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன் பார், அதை நினைத்தால்தான் எரிகிறது.

பணம் போனால் போகட்டும். இல்ல, ஏன் போகணும்? ஒரு வருசமா ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு எனக்கு இருந்துச்சா? ஆனா பணத்தக் கூட விடு. 'ஆசைக்குச் சொல்லீட்டிருக்கறா' - அதுதான் தாங்கல. நெட்டி முறிச்சப்பவும் சும்மாதானா? கறி போடுவாங்களான்னு கேட்டியே, அதுவும் சும்மாவா? கொழந்தை மண்ணுல சோறாக்கி வெளையாடறப்ப "எனக்கும் ஒரு வாய் குடு"ன்னு கேப்பாங்களே, அந்த மாதிரியா அம்மா என்கிட்டக் கேட்ட?

வாராவாரம் அடுத்தவன் சட்டையில் ஓட்டை தேடுகிறேன். என் வீட்டில் இவ்வளவு பெரியது தெரியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

நகைக் கடைக்குப் போன் செய்தேன். சீட்டு என் பெயரில்தான் இருக்கிறது, அம்மா என் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துச் சேர்த்திருக்கிறாள். "பணமாத் திருப்பித் தர மாட்டோங்க மேடம். முடிஞ்சதும் நகையாத்தான் எடுக்கணும். எடுக்க வர்றப்ப நீங்க நேர்ல வரணுங்க."

சாயங்காலம் சண்டை. நான் கத்தினேன். அம்மா கத்தவில்லை, அதனால் இன்னும் கத்தினேன்.

"ரொக்கமா வெச்சா ஊட்ல நிக்குமா கண்ணு? என்ற வளையலு நாலும் எங்க போச்சுன்னு உங்கப்பங்கிட்டக் கேளு."

கேட்க வேண்டியதில்லை, தெரியும். நான் ஏழாவது படிக்கும்போது அப்பா அஞ்சு மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்தார். ஒரு வருடத்தில் மிஷினும் போயிற்று, வளையலும் போயிற்று. அது அம்மாவின் நியாயம். சரி, இருக்கட்டும்.

"அத என்கிட்டச் சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே?"

"சொன்னா ஒத்துக்குவியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

அப்பாவிடம் போனேன். உங்களுக்கும் தெரியும்தானே என்றேன். "எனக்கென்ன சாமி தெரியும், உங்கம்மாகிட்டக் கேளு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் "கவர அம்மாகிட்டக் குடுத்தியா?" என்று மறக்காமல் கேட்டவர் அவர்தான்.

மார்ச் 1, சனி

தேஜஸ்ரீ என் கட்டிலை எங்களோடு படிக்கும் அக்ஷராவுக்குக் கொடுத்துவிட்டாள். "மாசக் கடைசி வரைக்கும் பாத்தேன் பாரதி, வேற என்ன பண்ணட்டும்?" நியாயம்தான். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

பொய். இருக்கிறது.

மார்ச் 8, சனி

இன்று கவரைக் கொடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அம்மா வாசல்படி வரை வந்தாள். நான் பையோடு உள்ளே போய்விட்டேன். தோசை வார்த்துப் போட்டாள். சட்னி எனக்குப் பிடித்த வேர்க்கடலைச் சட்னி. சாப்பிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

புது பட்ஜெட். அம்மாவிடம் இருப்பது: சைபர். என்னிடம் இருப்பது: நாலு கவர். சுடிதார் நாலிலிருந்து ஒன்றாகிவிட்டது. ஆபீஸ் பையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன், காலேஜ் பையே போதும். எவ்வளவு அடித்தாலும் ஹாஸ்டலை அடிக்க முடியவில்லை. தெருவிலா படுப்பது?

ஏப்ரல் 27, ஞாயிறு

பரீட்சை முடிந்தது. நாளையிலிருந்து முழு வாரமும் செக்கிங், முடிந்தால் ஒன்றரை ஷிப்ட்.

அத்தை போன் செய்தாள். அம்மா எடுப்பதற்குள் நான் எடுத்தேன். "அத்தை, நான் ஜூன்ல வேலைக்குச் சென்னை போறேனுங்க. பொண்ணு பாக்க யாரையும் வரச் சொல்லாதீங்க. அம்மா சொன்னது அவங்களா சொன்னதுங்க." "ஓ, அப்படியா கண்ணு. பெரிய மனுசி ஆயிட்டே" என்று வைத்துவிட்டாள்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை! "என்றய மானத்த வாங்கிப்போட்டயே." நான் சொன்னேன், "என்னோடத நீ வாங்கினயில்ல." சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா, சுவரைப் பார்த்துச் சொல்வது போல, "ஒரு வருசம் போயிட்டுத்தான் வரட்டுமே" என்றார். இதைப் பிப்ரவரியில் சொல்லியிருக்கக் கூடாதா?

மே 11, ஞாயிறு

நகைக் கடை. நான் போகாவிட்டால் எடுக்க முடியாது, அதனால் அம்மாவோடு பஸ்ஸில் போனேன். பக்கத்துப் பக்கத்து சீட்.

நான் கவர் கொடுப்பதை நிறுத்திய பிறகும் சீட்டு நிற்கவில்லை. கடைசி இரண்டு தவணையை அம்மா தன் சம்பளத்தில் கட்டியிருக்கிறாள். கவுன்டரில் இருந்த பெண் "எல்லாம் கரெக்டா கட்டீருக்கீங்க" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஏன் கட்டினாய் என்று நான் கேட்கவில்லை. தப்பு செய்தவள் அவள்தானே, நான் எதற்குக் கேட்க வேண்டும்?

ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு கிராமும் கொஞ்சமும். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியவில்லை. ஜிமிக்கிக்குக் காணாது, வெறும் தோடுதான். அம்மாவே என் காதில் மாட்டிவிட்டாள். கண்ணாடியில் என்னை அவள் பார்த்தாள், அவளை நான் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

வீட்டுக்கு வந்ததும், "கழட்டு கண்ணு, பீரோவுல வெக்கறேன்" என்றாள்.

"என் பேர்லதானே போட்டே. என்கிட்டயே இருக்கட்டும்."

மே 12, திங்கள்

தோட்டை அடகு வைத்துவிட்டேன். பதினைந்தாயிரம் கொடுத்தார்கள். அங்கிருந்தே வேறொரு ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் அனுப்பினேன். நாலு பேர் ரூம்.

அம்மாவிடம் மறைக்கவில்லை. சொன்னேன், அடகுச் சீட்டைக் கையில் கொடுத்தே சொன்னேன். நான் அவளைப் போல் இல்லை என்று காட்ட வேண்டும் என்றுகூட இருந்திருக்கலாம். அவள் சீட்டைப் பார்க்கவில்லை, என் காதைப் பார்த்தாள்.

"போட்டு ஒரு நாளு முழுசா ஆகல."

அவ்வளவுதான். வீட்டுத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரியின் ஜாக்கெட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரித்து முடிக்கும் வரை நிமிரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ரயில். அப்பா ஸ்டேஷன் வரை வந்தார். அம்மா வரவில்லை. பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்திருந்தாள். பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

கையில் இருப்பது சம்பள நாள் வரை சரியாக வந்துவிடும். மத்தியானம் சாம்பார் சாதம், ராத்திரி ஹாஸ்டல் சப்பாத்தி. ரூமில் இருக்கும் மற்ற மூவரும் நல்ல மாதிரி. அம்மா தினமும் கூப்பிடுகிறாள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அதோடு வைத்துவிடுவாள்.

ஜூலை 31, வியாழன்

சம்பளம் வந்துவிட்டது! ஜூன் பாதியும் ஜூலையும் சேர்த்து இருபத்தொன்பதாயிரம் சொச்சம். பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெசேஜை மூன்று தடவை படித்தேன்.

ராத்திரி அம்மா கூப்பிட்டாள். "வந்துருச்சா கண்ணு? எவ்வளவு?"

"பதினாலாயிரம்மா. புடிச்சது போக."

வாயில் தானாக வந்துவிட்டது. முழுசாகச் சொன்னால் அது யார் கைக்குப் போய் என்னவாக மாறுமோ. வாரத்துக்கு இவ்வளவு அனுப்பு, நான் வைத்திருக்கிறேன் என்பாள். அத்தையிடம் சொல்வாள். என் பணம் எவ்வளவு என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவள் கேட்கப்போவதற்கு என்ன பதில் சொல்வது என்று தயாராகவே இருந்தேன்.

"அவ்வளவுதானா?" குரல் இறங்கிவிட்டது. "அதுல ஹாஸ்டலுக்குக் குடுத்து, அடகுக்கு வட்டி கட்டி, நீ என்னத்தத் திம்ப? எங்களுக்கு ஒண்ணும் அனுப்ப வேண்டாஞ் சாமி. வயித்தக் காயப்போடாத."

"சமாளிச்சுக்குவேம்மா" என்றேன். அப்போதே மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

சாயங்காலம் அப்பா போனிலிருந்து ஐந்நூறு ரூபாய் வந்தது. பின்னாலேயே அவர் குரல் மெசேஜ்: "இன்னைக்குச் சம்பளம் போட்டாங்க சாமி. உங்கம்மா குடுத்தா. உனக்குப் பத்தாதாமா, வாராவாரம் அனுப்பச் சொல்லீருக்கறா."

திருப்பி அனுப்பினால் ஏன் என்று சொல்ல வேண்டும். அனுப்பவில்லை.