மூங்கில் தட்டிக்குப் பின்னால்

பாய்,

இன்று காலை அந்தக் கெஸ்ட் ஹவுசுக்கு மறுபடியும் போயிருந்தேன். காற்றிலிருக்கும் சூட்டை இழுத்து நீச்சல் குளத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற அதே ஹீட் பம்ப், பின்சுவரோரம் ஓடிக்கொண்டிருந்தது. காற்று உரசிப் போகிற அதன் காயில் குழாய்களில் கை வைத்தேன். பொட்டுப் பனி இல்லை. மெஷினை மறைக்கச் சுற்றிக் கட்டியிருந்த மூங்கில் தட்டி, முல்லைக்கொடியோடு தரையில் கிடந்தது.

"போன வாரக் காத்துல சாஞ்சிடிச்சி. அதிலேருந்து மெஷின்ல ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் கெஸ்ட் ஹவுஸை நடத்தும் மதாம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன், பாய்.

போன மார்கழியில் நாம் ரெண்டு பேரும் வேலைக்கு வந்தபோது இதே காயில் முழுக்கப் பனி கட்டி, குளம் சில்லென்று கிடந்தது. நான் கேஸ் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, கேஸ் குறைவு என்றேன். நீ கேஜைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "மூக்க அடச்சி வெச்சிட்டு காச்சலுக்கு ஊசி போடுறியா மாப்ள? காத்துக்கு வழி வுடச் சொல்லு" என்றாய். மதாமுக்கு அந்த முல்லை என்றால் உயிர். பிரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேஸை ஏற்றினேன். நாலாம் நாள் மறுபடியும் பனி. மதாம் கையைக் கட்டிக்கொண்டு, "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இவரு பத்த வெச்ச பைப் ஜாயின்ட்ல லீக்கு மதாம்" என்று உன்னைக் காட்டிவிட்டேன்.

நீ ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டாய். வண்டியை எடுக்கும்போதுதான், "இருவது வருசமா பத்த வெக்கிறேன்டா. ஒண்ணு ஒழுவல" என்றாய்.

அதோடு நீ என்னோடு வருவதை நிறுத்திவிட்டாய். அப்புறம் நீ சேதராப்பட்டில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் நீ வாயடித்துக்கொண்டிருந்தாய். பார்த்தும் தலையைத் திருப்பிக்கொண்டு போனேன். அவனே வரட்டுமே என்ற கொழுப்பு, வேறென்ன? மாசியில் உன் மகள் போன் செய்து, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் உன்னை அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்குத்தான் வந்தேன்.

இப்போதெல்லாம் தனியாகத்தான் போகிறேன். மோட்டார் ரூமில் வால்வைத் திருப்பிவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று பார்க்க நானே குளத்தைச் சுற்றி ஓடுகிறேன். முன்பு "வருதா?" என்று நான் கத்தினால், "வருது வருது, உன் மாமியா வர்றா!" என்று அந்தப் பக்கமிருந்து உன் குரல் கேட்கும். சில நாள் ஞாபகமில்லாமல் இன்னும் கத்திவிடுகிறேன். அப்புறம் நானே அந்தப் பக்கம் ஓடிப் போய்ப் பார்க்கிறேன். வேறு ஆள் சேர்த்துக்கொள் என்கிறாள் என் வீட்டுக்காரி. மனசு வரவில்லை.

இன்று வேலை முடிந்ததும் மதாமிடம் போய் நின்றேன்.

"அன்னிக்கி நான் சொன்னது பொய்யி மதாம். ஜாயின்ட்ல ஒண்ணும் இல்ல. காத்து போவலன்னு பாய் அப்பவே சொன்னாரு. தப்பு என்னுது."

மதாம் புரியாமல் பார்த்தார். "எந்த பாய்? எப்பவும் நீங்க ஒருத்தர்தான வருவீங்க?"

உன் பெயரைச் சொன்னேன். நெட்டையாக இருப்பார், வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாவம், அவரும் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பொய்யைக் கேட்டவர் மறந்துவிட்டார். பட்டவன் நீ போய்விட்டாய். இனி அது என் ஒருவனிடம்தான் இருக்கிறது, பாய்.