பகலில் ஓடும் மின்விசிறி

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. மின் போர்டின் மூடியைத் தொடாதீர்கள், திருகு இன்னும் முடுக்கவில்லை.

திங்கட்கிழமை, நான் வேலைக்குப் போகும் வீடுகளில் மாட்டுவது போல, நம் சோலார் இன்வெர்ட்டருக்கும் கரண்ட் சென்சார் மாட்டினேனே, வீடு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அது என் போனில் காட்டும். நாம் இருவரும் வேலைக்குப் போன பிறகும் தினமும் ஒரு மின்விசிறி ஓடும் அளவு காட்டுகிறது. நடுவில் யாரோ கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைப்பது போல அளவு எகிறுகிறது. சென்சாரைத் தலைகீழாக மாட்டிவிட்டேனோ என்று போர்டை இரண்டு தரம் பிரித்துப் பார்த்தேன். அப்புறம் எவளையோ வீட்டுக்குக் கூட்டி வருகிறீர்கள் என்றுகூட நினைத்தேன். நேற்று உங்கள்மேல் எரிந்து விழுந்தது அதனால்தான். மன்னித்துவிடுங்கள்.

இன்று நீங்கள் கிளம்பின கையோடு உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"அவரை வேலையிலேர்ந்து நிறுத்தி மூணு வாரம் ஆச்சேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் எடுத்தவர்.

"தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று சோலார் தகடு மாட்ட இரண்டு வீட்டுக் கூரை ஏற வேண்டும், ஒன்றை நாளைக்குத் தள்ளிவிட்டேன். மத்தியானமே வந்துவிடுவேன். எங்கேயும் போய்விடாதீர்கள்.

இன்னொன்று: பகலெல்லாம் வெறும் மின்விசிறியோடு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்க வேண்டாம், ஏ.சி.யைப் போடுங்கள். போனில் அளவு ஏறினால், இதைப் படித்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன்.